துறைமுகத்தில் பிரிந்த இரு துறைகள்

அமெரிக்கக் காங்கிரஸ் 1789-ல் முதன்முதலாகக் கூடியபோதே சுங்க வரிக்குச் சட்டம் செய்து, துறைமுகங்களில் சுங்கக் கலெக்டர் பதவிகளை ஏற்படுத்தியது. விடுதலைப் போரில் பட்ட கடனை அடைக்க அந்த வரியைத்தான் அரசு நம்பியிருந்தது. கப்பலில் வந்திறங்கிய ஆட்களைப் பற்றி அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. 1819-ல் வந்த ஒரு சட்டம், பயணிகளின் பெயர்ப் பட்டியலைக் கப்பல் தலைவர் சுங்கக் கலெக்டரிடம் தர வேண்டும் என்றது.

1882-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு மே மாதம், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைப் பத்தாண்டுகளுக்குத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆகஸ்டில் இன்னொரு சட்டம், கப்பலில் வரும் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 50 சென்ட் வரி விதித்தது. ஆட்களைச் சோதிப்பதற்கென்று நடுவண் அரசிடம் தனித் துறை எதுவும் அப்போது இல்லை. அதனால் சீனர் தடைச் சட்டம் சுங்கக் கலெக்டர் கைக்கே போனது. சரக்கை நிறுத்திவைத்து, தாளைப் பார்த்து, ஐயம் இருந்தால் விடாமல் வைத்திருப்பது சுங்கத்தாரின் தொழில். அதே வழக்கத்தை மனிதர்கள்மேல் செலுத்தியதில்தான் கொடுமை நேர்ந்தது.

வோங் கிம் ஆர்க் வழக்கு இதற்குச் சான்று. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர் அவர். சீனா சென்று 1895 ஆகஸ்டில் திரும்பியவரை, அமெரிக்கக் குடிமகன் அல்ல என்று சொல்லிச் சுங்கக் கலெக்டர் கரையிறங்க விடவில்லை. மாதக்கணக்கில் துறைமுகக் கப்பல்களிலேயே அவர் அடைபட்டுக் கிடந்தார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் குடியுரிமையை முடிவுசெய்வது வரி வசூலிப்பவரின் வேலையே அல்ல; அவர் அந்த இடத்தில் இருந்ததே பிழை.

இதற்குள், 1891-ல், குடியேற்றத்துக்கென்று தனி அலுவலகம் ஏற்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது. ஆனாலும் அந்த அலுவலகம், சுங்கத்தைப் போலவே, கருவூலத் துறையின் கீழேயே இருந்தது. 1903-ல் வணிக, தொழிலாளர் துறைக்கும், 1913-ல் தொழிலாளர் துறைக்கும், 1940-ல் நீதித் துறைக்கும் அது மாறியது. வந்தவரை முதலில் வருவாயாகவும், பிறகு கூலியாளாகவும், கடைசியில் காவலுக்குரியவராகவும் அரசு பார்த்ததை இந்த இடமாற்றங்களே காட்டுகின்றன.

ஆனால் வருமான வரி வசூலிக்கும் துறை கருவூலத்தை விட்டு நகரவில்லை. 1862-ல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகத் தோன்றிய பதவியிலிருந்து வளர்ந்த துறை அது. நாட்டில் தங்க அனுமதி இல்லாதவரின் சம்பாத்தியத்துக்கும் சட்டப்படி வரி உண்டு. சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்கள் வரி கட்டுவதற்கென்று 1996-ல் ஒன்பது இலக்கத் தனி எண் வந்தது. அதைப் பெற்றவருக்கு வேலை செய்யும் உரிமையோ தங்கும் உரிமையோ கிடைக்காது. அதிபர் நிக்சன் காலத்தில் வரி ஆவணங்கள் அரசியல் பகைக்குப் பயன்பட்டதைக் கண்ட காங்கிரஸ், 1976-ல் அவற்றைக் காக்கக் கடுமையான இரகசிய விதியை வகுத்திருந்தது. தனி எண் வாங்கியவர்கள் அந்த விதியை நம்பியே தங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தார்கள்.

2003-ல் சுங்கமும் குடியேற்றமும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் மறுபடி ஒன்றாயின. விமான நிலையத்தில் இன்று கடவுச்சீட்டைப் பார்ப்பவரும் பெட்டியைச் சோதிப்பவரும் ஒரே அமைப்பின் அதிகாரிகள். வருமான வரித் துறை அப்போதும் சேர்க்கப்படவில்லை. 2025 ஏப்ரலில், குடியேற்ற அதிகாரிகளுக்கு வரித் தகவல் தருவதற்குக் கருவூலத் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் ஒப்பந்தம் செய்தன. அந்த மாதமே வரித் துறையின் பொறுப்பு ஆணையர் பதவி விலகும் முடிவை அறிவித்தார்.