லாரி பேக்கர் கட்டுமான முறை

பிரிட்டனில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) வகுத்த சிக்கனக் கட்டட வழியே லாரி பேக்கர் கட்டுமான முறை. பூசாத செங்கல் சுவர், நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் டிராப் கட்டு, ஓடு பதித்த கான்கிரீட் தளம், ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல் ஜாலி ஆகியவை இதன் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் சில கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பொருள் இந்த வீட்டுக்குத் தேவைதானா? எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது? அதைச் செய்ய எவ்வளவு எரிபொருள் பிடித்தது? அதற்குக் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது? பேக்கர் ஒவ்வொரு வீட்டுக்கும் இவற்றைக் கேட்டார். ஏழை வீடு, பணக்காரர் வீடு என்று அவர் வேறுபாடு பார்க்கவில்லை. ஆகவே இதை ‘ஏழைகளுக்கான மலிவு வீடு’ என்று சுருக்கிச் சொல்வது பொருந்தாது.

பேக்கர்

லாரன்ஸ் வில்ஃபிரட் பேக்கர் 1917 மார்ச் 2 அன்று பர்மிங்காமில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்தார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவின் அகிம்சைக் கொள்கையை ஏற்றவர் என்பதால், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்காமல் மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளைப் பராமரித்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஒரு நல்ல கிராமத்தின் நல்ல வீடு, அதிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தே தன் தொழிலை வழிநடத்தியதாகப் பேக்கர் பிற்காலத்தில் பலமுறை சொன்னார்.

1945இல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டும் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை மணந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் குடியேறினார். மனைவி மருத்துவம் பார்க்க, அவர் மருத்துவமனையும் பள்ளிகளும் கட்டினார். அங்குள்ள மலை மக்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாண்ட விதம்தான் அவருக்கு இரண்டாம் கல்லூரி. குளிருக்கும் சரிவுக்கும் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகத் தேறிய விடைகள் இருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்துவிட்டு, 1963இல் கேரளத்தின் வாகமண்ணுக்கும், பிறகு திருவனந்தபுரத்துக்கும் வந்தார். இன்று நாம் பேக்கர் முறை என்று சொல்வது பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் உருவானதே. பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2007 ஏப்ரல் 1 அன்று காலமானார்.

சுவர்

பேக்கர் முறையின் உயிர்நாடி ராட் டிராப் கட்டு. இது அவர் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் முன்பே இருந்த கட்டு. அதைக் கேரளத்துக் கொத்தனார்களின் கையில் பழக்கமாக்கியது அவருடைய பங்கு.

வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவார்கள். ராட் டிராப் கட்டில் அதே கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கிறார்கள். கல் 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் வெளிமுகத்தில் ஒரு கல், உள்முகத்தில் ஒரு கல்; இடையே 3 அங்குலம் காலி. அடுத்ததாக ஒரு கல்லைக் குறுக்கே நிறுத்தி இரண்டு முகங்களையும் பிணைக்கிறார்கள். கலவையின் கனத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 12 அங்குல நீளமும் நாலரை அங்குல உயரமும் உள்ள சுவருக்கு மூன்று கல் ஆகிறது. ஒரு கல்லுக்கு 18 சதுர அங்குலச் சுவர். படுக்க வைத்துக் கட்டினால் ஒரு கல்லுக்குக் கிடைப்பது பதின்மூன்றரை சதுர அங்குலம். நான்கு கல் பிடிக்கும் இடத்தில் மூன்று கல் போதும் என்பதால், மிச்சம் 25 சதவீதம். கலவையும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று, வெயிலின் சூட்டை உள்சுவருக்கு எளிதில் கடத்துவதில்லை. இரண்டு தளமுள்ள வீட்டின் பாரத்தை இந்தச் சுவரே தாங்கும். கான்கிரீட் தூண் வேண்டியதில்லை.

இதில் கொத்தனாரின் கவனமே எல்லாம். மூலைகளிலும், கதவு ஜன்னலின் இருபுறமும், அடி வரிசையிலும், தளம் உட்காரும் மேல் வரிசையிலும் வெற்றிடம் விடாமல் நிரப்பிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் கலவை போடும்போது நடுப்பள்ளத்தின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கலவை உள்ளே விழுந்து வெற்றிடம் அடைபட்டுவிடும். பிறகு சுவரைப் பூசுவதில்லை. சிமெண்ட் பூச்சு, பட்டி, பெயிண்ட் என்று வருகிற செலவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும் செலவும் அப்படியே நின்றுபோகின்றன. பூச்சு கோணலை மறைக்கும். பூசாத சுவரில் கைத்திறன் அப்படியே வெளியில் நிற்கும். கட்டுபவரின் வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

தளமும் திறப்புகளும்

கான்கிரீட் தளத்தில் பாரம் ஏறும்போது அதன் மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அமுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும். இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது. ஆகவே கீழ்ப்பாதியில் உள்ள கான்கிரீட், கம்பியைப் பிடித்து வைத்திருப்பதற்கு மேல் அதிகமாக எதுவும் செய்வதில்லை. ஃபில்லர் ஸ்லாப் முறையில், கம்பிகளுக்கு இடையே உள்ள கட்டங்களில் இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளைச் சேர்த்து வைத்துவிட்டு அதன் மேல் கான்கிரீட் போடுகிறார்கள். பழைய வீடு இடித்த ஓடே போதும். சிமெண்ட் குறைகிறது, தளத்தின் எடை குறைவதால் கம்பியும் குறைகிறது. ஓடுகளுக்கு நடுவில் நிற்கும் காற்று மேல்வெயிலைத் தடுக்கிறது. ஓடுகளை முன்னதாகவே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். உலர்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஜன்னல் என்பது மரம், கம்பி, கண்ணாடி, கொண்டி என்று பணத்தை விழுங்குவது. வெளிச்சமும் காற்றும் மட்டும் போதும் என்ற இடங்களில் பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி அமைத்தார். திறந்து மூட வேண்டிய இடத்தில், மேலும் கீழும் முளை வைத்த ஒற்றைப் பலகை சுழலும். நிலையும் கீலும் வேண்டாம். திறப்புகளுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் போடாமல் செங்கல் வளைவு கட்டினார். சுவர்களையே வளைத்தும் கட்டினார். ஒரே பரப்புள்ள அறைக்குச் சதுரத்தைவிட வட்டத்தில் சுவர் நீளம் ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு என்பதால், அந்த வளைவிலும் சிக்கனம் இருந்தது. மனையில் நிற்கும் மரத்தை வெட்ட அவர் சம்மதிப்பதில்லை. சுவர் ஒதுங்கிப் போகும். சரிவான நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே கட்டடத்தைப் படியவிட்டார்.

சிமெண்டும் இரும்பும் பெருமளவு எரிபொருள் தின்று வெளியூர் ஆலைகளிலிருந்து வருபவை. அவற்றுக்கான பணமும் வெளியூருக்கே போகிறது. செங்கல், சுண்ணாம்பு, கூலி ஆகியவற்றுக்குச் செலவாகும் பணம் சுற்றுவட்டாரத்திலேயே புழங்கும். பொருள் செலவைக் குறைத்து ஆள் வேலையைக் கூட்டுவது பேக்கர் தெரிந்தே எடுத்த முடிவு.

முக்கியக் கட்டடங்கள்

திருவனந்தபுரம் உள்ளூரில் 1970களின் தொடக்கத்தில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையம் (சி.டி.எஸ்.) இந்த முறை பெரிய அளவில் நிரூபணமான இடம். பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் நிறுவிய இந்த மையத்தை, ஜாலிச் சுவர்களும் செங்கல் நூலகக் கோபுரமுமாக ஒரு குன்றின் மேல் பேக்கர் கட்டினார். தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தியன் காபி ஹவுஸ் இன்னும் பலருக்குப் பழக்கம். அதில் மாடி என்று தனியாக எதுவும் இல்லை. தரையே சுழன்று சுழன்று மேலேறுகிறது. மேசையும் இருக்கையும் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டப்பட்டவை. சுவரின் சிறு திறப்புகள் வழியாகக் காற்று ஓடுகிறது. ஒடுங்கிய மனையில் அத்தனை பேரை உட்காரவைக்க வேறு வழி கிடைப்பது அரிது. பூந்துறையில் மீனவர் வீடுகளும் கட்டினார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் கட்டிய தன் சொந்த வீட்டில், பிறர் கழித்த கதவுகளையும் உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்தினார்.

முறை பரவுவதற்காக 1985இல் காஸ்ட்ஃபோர்ட் என்ற நிறுவனம் தோன்றியது. கேரள முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் கே.என். ராஜும் பேக்கருடன் அதில் முன்னின்றனர். பேக்கர் தானே படம் வரைந்து, கையெழுத்தாலேயே எழுதிய சிறு கையேடுகளும் கொத்தனார்களிடம் இந்த முறையைக் கொண்டுபோயின.

தமிழ்நாட்டில்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தென்னிந்தியப் பாரம்பரிய அருங்காட்சியகமான தட்சிணசித்ராவின் வளாக வடிவமைப்பில் பேக்கரின் கை உண்டு. அவர் வழிவந்த கட்டடக் கலைஞர் பென்னி குரியாக்கோஸ் பணியைத் தொடர்ந்து நடத்தினார்.

இந்த முறைமீது சொல்லப்படும் குறைகளில் கனமானது, சுட்ட செங்கல் பற்றியது. சூளை விறகையும் வயல் மண்ணையும் தின்கிறது. பேக்கருக்கும் இது தெரியும். மண் வீட்டுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் இந்தத் திசையில் நெடுந்தூரம் போயிருக்கிறது. ஊர் மண்ணோடு ஏறக்குறைய 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சூளையே இல்லாமல் அங்கே கல் செய்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், நகரங்களில் பேக்கர் பாணி வெறும் தோற்றமாகிவிடுவது. தூண்களும் உத்தரங்களும் முழுக்கக் கான்கிரீட்டில் எழுப்பிவிட்டு, வெளிப்பக்கம் மட்டும் செங்கல் நிற ஓடு ஒட்டுவதில் பேக்கரின் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் உண்மையாகவே ராட் டிராப் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கல்லை. கையால் அறுத்த நாட்டுச் செங்கல் பல இடங்களில் அளவு ஒத்துவராது. நிமிர்த்தி வைத்தால் முகம் மட்டத்துக்கு நிற்காது. அளவு சீரான சேம்பர் கல் எடுப்பது நல்லது. பழக்கமில்லாத கொத்தனாரிடம் ஓராள் உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே வேலையை ஒப்படைக்க வேண்டும். மின் குழாயும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகும் என்பதைச் சுவர் எழும்பும்போதே முடிவு செய்துவிட வேண்டும். வெற்றிடச் சுவரைப் பிற்பாடு வெட்டினால் கல் உடைந்து உள்ளே விழும்.