தாயானாள், மாணவியும் ஆனாள்!

திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது திருவெறும்பூர். தேவர்கள் எறும்பாக உருமாறிக் குன்றேறி வழிபட்டனர் என்று தலபுராணம் கூறும் ஊர். அந்த ஊரின் அருகில்தான் 1960களில் கொதிகலன் ஆலை எழுந்தது. மின் நிலையங்களுக்கு வேண்டிய மாபெரும் கொதிகலன்களை நம் உழைப்பாளர் கைகள் உருவாக்கின. இரும்பை வளைக்கக் கற்றோம், தோழர்களே! ஆனால், இளம் வயதில் கருவுற்ற ஒரு பெண்ணைக் கண்டால் வளைய மறுக்கிறதே நம் மனம், அது எந்த இரும்பால் ஆனது?

"அவள் படிப்பு முடிந்தது" என்கிறது ஊர். முடித்தது யார்? வயிற்றில் வளரும் கரு, அவள் கற்ற கணக்கையும் வரலாற்றையும் விழுங்கிவிட்டதா? இல்லை. அறிவு அவளிடம் அப்படியேதான் இருக்கிறது. அகன்றது பள்ளியின் வாயில். அடைத்தது ஊராரின் நாக்கு.

இதிலும் ஒரு விந்தை பாரீர்! தாலியுடன் கருவுற்ற சிறுமிக்கு வளைகாப்பு. தாலியின்றிக் கருவுற்ற சிறுமிக்கு வசைமாரி. ஒருத்திக்குப் பூச்சூட்டுவர்; மற்றவள் மீது புழுதி தூற்றுவர். பள்ளிக் கதவு மட்டும் இருவருக்குமே மூடிக்கொள்ளும்! மங்கலம் என்றாலும் களங்கம் என்றாலும் பறிபோவது அவள் புத்தகமே.

அந்தப் புத்தகத்தை மீண்டும் எடுத்தவர் ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள்.

மராட்டியத்துக் கல்யாண் நகரில் 1865இல் பிறந்தார் ஒரு பெண். 9ஆம் வயதில், ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்த கோபால்ராவ் ஜோஷிக்கு மணம் முடித்தனர். ஆனந்திபாய் என்று பெயரும் மாற்றினர். 14ஆம் வயதில் ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாட்களில் அது மாண்டது. அக்காலத்தில் பெண்களுக்கு முறையான மருத்துவம் ஏது? பிள்ளையைப் பறிகொடுத்த அச்சிறுமி விதியை நோகவில்லை, நோன்பு நோற்கவில்லை. "மருத்துவம் கற்பேன்" என்று துணிந்தார்.

கணவர் படிக்கத் தூண்டினார் என்பது மெய். அடித்தார் என்பதும் மெய். அம்மையாரின் கடிதமே அதற்குச் சான்று. ஆகவே, கணவர் தந்த வரம் என்று அக்கல்வியைப் பாடவேண்டாம். அது அவரது மன உரத்தின் விளைவு.

1883இல் வங்கத்துச் சிராம்பூர்க் கல்லூரியில் மக்கள்முன் நின்றார். அமெரிக்கா செல்வது ஏன், தனியே செல்வது ஏன், சாதியார் விலக்கி வைக்கமாட்டார்களா என்று ஊரார் எழுப்பும் வினாக்களைத் தாமே அடுக்கினார். தாமே விடையும் பகர்ந்தார். தன்னம்பிக்கை என்பது இதுதான். முதுகுக்குப் பின்னே முணுமுணுத்ததை முகத்துக்கு நேரே எடுத்துப் பேசிவிட்டால், முணுமுணுப்புக்கு வலிமை ஏது?

அவ்வாண்டே கப்பலேறினார். நியூ ஜெர்சியைச் சேர்ந்த கார்ப்பென்டர் அம்மையார் தம் இல்லத்தில் இடமளித்தார். பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரி 1886இல் அவருக்குப் பட்டமளித்தது. கோல்காப்பூர் மருத்துவமனையில் பணியும் காத்திருந்தது. காசநோய் விடவில்லை. 1887 பிப்ரவரியில், 22 வயது நிறையுமுன் மறைந்தார். வாழ்வு குறுகியதுதான், ஆனால், 14 வயதில் தாயானவளுக்குக் கல்வி எட்டாது என்ற பொய்யை அவ்வாழ்வு பொசுக்கிவிட்டது.

"அவர் மணமானவர், மணமாகாதவளுக்கு யார் துணை?" என்பீர்கள். அவ்வினாவுக்கு அதே மராட்டியம் முன்னரே விடை தந்திருக்கிறது. கருவுற்ற கைம்பெண்கள் ஊருக்கு அஞ்சித் தம் சிசுவைக் கொல்லும் நிலையைத் தடுக்க, 1863இல் புனேயில் இல்லம் தொடங்கினர் சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும். அங்கு ஒரு கைம்பெண் ஈன்ற யஷ்வந்தைத் தத்தெடுத்து வளர்த்தனர். அப்பிள்ளை மருத்துவரானார். பாவத்தின் பிள்ளை என்று ஊர் பழித்திருக்கும் பிள்ளை, ஊரின் நோய் தீர்க்க வந்தது!

தமிழகத்தில்? கைம்மை என்ற பெயரால் பள்ளி மறுக்கப்பட்ட சிறுமியருக்கு வழி திறந்தவர், தாமே சிறுவயதில் கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி. 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; 1912இல் சாரதா இல்லம் நிறுவினார். முடிந்துபோன வாழ்வு என்று மூலையில் தள்ளப்பட்டோர், அங்கே பயின்று ஆசிரியைகளாக வெளிவந்தனர். அறிவுரை கூறியா அவர்களை நிமிர்த்தினார்? உண்ண உணவும், உறங்க இடமும், கற்கப் பாடமும் தந்தன்றோ நிமிர்த்தினார்!

சட்டமும் மெல்ல மெல்ல நடந்தது. பெண்ணின் மணவயது 1929ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14, 1949இல் 15, 1978இல் 18. 18 வயது நிரம்பாத பெண்ணைப் பாலுறவுக்கு உட்படுத்துவது குற்றம் என்கிறது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். குற்றவாளிக் கூண்டில் சட்டம் அவளை நிறுத்தவில்லை. நாம் ஏன் நிறுத்துகிறோம்?

உலகமும் இதில் தடுமாறித் தெளிந்ததே. ஆப்பிரிக்காவின் சியரா லியோன், கருவுற்ற மாணவியர் பள்ளிக்கு வரலாகாது என்று 2015இல் தடைபோட்டது. 2020இல் அத்தடையை நீக்கியது. தான்சானியா 2021இல் கதவைத் திறந்தது. நாடுகள் நாணித் திருந்தும்போது, நம் தெருக்கள் திருந்தக்கூடாதா?

இளைஞர்களே! திருவெறும்பூரிலோ உம் ஊரிலோ இத்தகைய பெண் ஒருத்தி வீட்டுக்குள் முடங்கியிருந்தால், இரக்கப் பார்வை வேண்டாம்; இலக்கண நூலைக் கொண்டு செல்லுங்கள். பள்ளிக்கே திரும்ப அவள் விரும்பினால், தலைமையாசிரியரிடம் பெற்றோருடன் சென்று வாதாடுங்கள். தயங்கினால், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும் வழியுண்டு. திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். அவள் படிக்கும் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உம் அன்னையையும் தமக்கையையும் அழையுங்கள். நீங்களும் தொட்டிலாட்டுங்கள், ஆண்மை குறைந்துவிடாது!

ஒரு பாடம் முடித்தால் ஒரு முழம் நிமிர்வாள். ஒரு தேர்வு வென்றால் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பாள். அவள் மடியில் வளரும் குழந்தை முதன்முதலில் காணும் காட்சி, கண்ணீர் வடிக்கும் தாயாக இருக்க வேண்டாம். புத்தகம் ஏந்திய தாயாக இருக்கட்டும்!