அணியின் பெயரும் அணியும்

உவமை கலவாமற் பேசும் மக்கள் எந்நாட்டிலும் இல்லை. ஆயினும், உவமைக்கு இலக்கணம் வகுத்து அதனைப் பாடமாகப் பயிற்றுவதில் இடைக்காலத் தமிழகமும் இங்கிலாந்தும், ஒன்றையொன்று அறியாமலே ஒத்து நின்றன.

தொல்காப்பியம் உவமைக்கெனத் தனி இயல் வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக அது பிறக்கும் என்றது. பின்னர், வடமொழியில் தண்டி இயற்றிய காவியாதரிசத்தைத் தழுவி, 12ஆம் நூற்றாண்டில் தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. அது பொருளணிகளை 35 ஆக வகுத்தது.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெஃப்ரி என்னும் ஆசிரியர் செய்யுட்கலை பற்றி இலத்தீனில் 2,000 அடிகளுக்கு மேற்பட்ட நூலொன்று செய்தார். அணிகளைக் காட்டும்பொருட்டு, 1199இல் மாண்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டுக்கு ஓர் இரங்கற்பாவையே அதில் அமைத்தார். மாணாக்கர் பலர் அந்நூலைப் பயின்றனர்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில், சாசர் என்னும் ஆங்கிலக் கவிஞர் ஒரு கதை பாடினார். அதில் சேவல் ஒன்றை நரி கவ்விச் செல்கிறது. உடனே கவிஞர், மன்னருக்காகப் புலம்பிய ஜெஃப்ரியின் புலமை தமக்கு இல்லையே என்று ஏங்குவார்போல் நகையாடுகிறார். சேவலுக்கு அரச ஒப்பாரி! சாசர் அணியை வெறுத்தாரா? இல்லை. அச்சேவலின் கொண்டையைக் கோட்டை மதிலின் ஞாயிலுக்கு ஒப்பிட்டவரும் அவரே. நூலையும் கற்றார், சேவலையும் உற்று நோக்கினார்.

இவ்வுண்மையை யான் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். பல்லாண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஓர் ஆண்டில், திருநகரை அடுத்த தென்கால் கண்மாயைப் பற்றி வகுப்பில் எழுதச் சொன்னேன். உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன், அது கன்றை இழந்த பசுவின் வற்றிய மடி என்று எழுதியிருந்தான். “இஃது என்ன அணி?” என்றேன். அவன் விழித்தான். உருவகம் என்னும் பெயரை அறியாத குற்றத்திற்காக அவனை நிற்க வைத்தேன். அன்று அவ்வகுப்பில் கண்மாயைக் கண்டவன் அவன் ஒருவனே. பாராட்ட வேண்டிய நான் தண்டித்தேன். அந்தத் தலைகுனிந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அன்பர்களே, 35 அணிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். அவை நம் முன்னோர் தேடிய செல்வம். ஆனால், முதலில் கண்மாயைப் பாருங்கள். கண்டதற்குப் பெயரிடுவது எளிது. காணாததற்குப் பெயர் இருந்தும் பயனில்லை.