பாலாற்றங்கரை அன்னம்

காஞ்சிப் பட்டின் கரையில் வரும் அன்னப்பட்சியைச் சற்று உற்றுப் பாருங்கள். கழுத்தை வளைத்து, வால் பூங்கொடியாய்ச் சுருள, சரிகையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோகும். நம் ஏரிகளில் அப்படியொரு பறவையைக் கண்டவர் இல்லை. வடநூல்கள் ஹம்ஸம் என்றது வரித்தலை வாத்தைத்தான் என்று கருதுவோர் உண்டு. இமயத்தைத் தாண்டி, குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை வந்து திரும்பும் பறவை அது. குமரித் துறையில் அயிரை மேய்ந்து வடமலைக்குப் போகும் அன்னச் சேவலிடம் பிசிராந்தையார் பேசும் புறநானூற்றின் 67ஆம் பாட்டை நினைத்தால், அந்த எண்ணம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

அன்னம் என்றாலே பாலையும் நீரையும் பிரிப்பது என்று சொல்லிப் பழகிவிட்டோம். பகுத்தறியும் ஞானத்துக்கு அதைவிட எளிய உருவம் இல்லை. முற்றத் துறந்தவரைப் பரமஹம்ஸர் என்பதும் அதனால்தான். ஆனால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் நின்றால், அன்னத்தின் மற்றொரு குணமே என் நினைவுக்கு வருகிறது.

வேகவதி யார்? காஞ்சித் தலவரலாறு சொல்கிறது: தன்னை விட்டுவிட்டுப் பிரமன் வேள்வி தொடங்கியதால் சினந்த கலைமகள், அதை அழிக்க ஆறாகப் பெருகி வந்தாள். திருவெஃகாவில் திருமால் குறுக்கே கிடந்து தடுத்தார். வேள்வித் தீயில் திருமாலே வரதராகத் தோன்றினார். பிரமனுக்கும் ஊர்தி அன்னம், கலைமகளுக்கும் அன்னம். பகுத்துணரும் பறவையை ஊர்தியாகக் கொண்ட இருவரே பிணங்கிப் பிரிந்த கதை இது. பிரிந்து வந்தவள் பாலின் பெயர் கொண்ட ஆற்றில் கலந்துவிடுகிறாள். அவள் கலக்கும் கரையில் 11ஆம் நூற்றாண்டிலேயே வேதமும் இலக்கணமும் கற்பித்தார்கள், 15 படுக்கைகளோடு ஆதுலசாலை என்னும் மருத்துவமனை நடந்தது என்று வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு இங்கே சொல்கிறது. கலைமகள் வந்து சேர்ந்த இடத்துக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்!

பிரிந்தவரைச் சேர்ப்பதும் அன்னத்தின் வேலைதான். நளனுக்கும் தமயந்திக்கும் நடுவே பறந்தது அன்னம். காஞ்சித் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் ஹம்ஸ சந்தேசம் பாடினார். அதில் இராமன், இலங்கையில் இருக்கும் சீதைக்கு அன்னத்தைத் தூது விடுகிறான். திருவேங்கடத்தையும், வரதர் உறையும் அத்திகிரியையும் வணங்கிப் போகச் சொல்கிறான். தத்துவங்களைப் பகுத்து நிறுவுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஆசாரியர், காவியம் செய்யும்போது தூது போகும் அன்னத்தைத் தேர்ந்தார். என் மனத்தில் நிற்பது அந்த அன்னம்தான்.

தை மாதத்தில், மாட்டுப் பொங்கலன்று, அத்திகிரி வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை விழாவுக்காக எழுந்தருள்கிறார். அங்குள்ள மலையிலிருந்து இறங்கி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வருகிறார். வேள்வியில் எழுந்தவர், வேள்வியை அழிக்க வந்தவள் கலந்த கரைக்கு, பாதந்தாங்கிகளின் தோளில் ஆற்று மணலைத் தாண்டி வருகிறார்.