பொய்ப்பற்களின் நுண்ணலைத் தொற்றுநீக்கம்

பொய்ப்பற்களின் நுண்ணலைத் தொற்றுநீக்கம் என்பது, கழற்றி மாட்டக்கூடிய பொய்ப்பல் தொகுதியை (பேச்சு வழக்கில் பல்செட்டு) நீரில் மூழ்கவைத்து, நுண்ணலை அடுப்பில் சில நிமிடங்கள் சூடாக்கி, அதில் படிந்துள்ள நுண்ணுயிர்களை அழிக்கும் முறையாகும். 1985 இல் ரோரர், புலார்டு ஆகியோர் இது பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். நுண்ணுயிரை அழிக்கும் அதே வெப்பம் பொய்ப்பல்லையும் உருக்குலைக்கக்கூடும் என்பதே இம்முறையின் முதன்மைச் சிக்கல்.

தேவை

பொய்ப்பல்லின் அடித்தளம் பெரும்பாலும் பாலிமெதில் மெதாக்ரிலேட்டு என்னும் அக்ரிலிக் நெகிழியால் ஆனது. இது 1930களின் பிற்பகுதியில் கடின இறப்பருக்கு மாற்றாக வந்தது. இதன் நுண்துளைகளில் கேண்டிடா அல்பிகன்சு என்னும் பூஞ்சை தங்கி, மேலண்ணத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. தூரிகையால் தேய்ப்பது மட்டும் இத்துளைகளைத் தூய்மையாக்குவதில்லை.

செயல்முறை

2000களின் ஆய்வுகள் பலவற்றில் 650 வாட் ஆற்றலும் 200 மி.லி. நீரும் பயன்படுத்தப்பட்டன. தொடக்கத்தில் 6 நிமிடங்களாக இருந்த நேரம் பின்னர் 3 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டது. 650 வாட் 3 நிமிடங்களில் 117 கிலோஜூல் ஆற்றலைத் தருகிறது. 200 மி.லி. நீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 59 கிலோஜூல் போதும். எனவே ஆற்றல் முழுவதும் நீரில் சேர்ந்தால் 90 நொடிகளிலேயே நீர் கொதிக்கத் தொடங்கும். 900 வாட் அடுப்பில் இதே 3 நிமிடங்களில் 162 கிலோஜூல் கிடைப்பதால், ஓர் அடுப்புக்கான நேர அளவு மற்றோர் அடுப்புக்குப் பொருந்தாது.

பொருள்களின் மீதான விளைவுகள்

* வெப்பத்தால் இறுகும் அக்ரிலிக்: இது ஏறத்தாழ 105 பாகையில் இளகத் தொடங்கும். நீரை உறிஞ்சிய நெகிழியில் இவ்வெப்பநிலை மேலும் குறையும். கொதிநீர் இந்த எல்லையை நெருங்குவதால், வார்க்கும்போது உள்ளே தங்கிய தகைவு விடுபட்டு, அடித்தளம் சுருங்கவோ கோணவோ கூடும். இம்மாற்றத்தின் அளவு குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. ஆற்றலும் நேரமும் கூடக்கூட இடர் கூடுகிறது.
* தானே இறுகும் அக்ரிலிக்: உடைந்த பொய்ப்பல்லை ஒட்டவும் சீரமைக்கவும் பயன்படுவது. இதில் வினைபுரியாத ஒருமம் மிகுதி. வெப்பத்தால் இதன் ஒரு பகுதி வெளியேறும், ஒரு பகுதி பலபடியாகும்.
* மென் உள்ளுறை: அக்ரிலிக் உள்ளுறைகள் இளக்கிப் பொருளை இழந்து கடினமாகின்றன. சிலிக்கோன் உள்ளுறைகள் கூடுதல் நிலைப்பு உடையவை.
* உலோகச் சட்டம், கொக்கி: இவற்றில் தீப்பொறி எழக்கூடும் என்பதால் இம்முறை தவிர்க்கப்படுகிறது. மாற்றான சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலும் கோபால்ட்டு-குரோமியக் கலப்புலோகத்தை அரிக்கிறது. இவ்வகை அரிப்பு ஒரு மின்வேதி வினை. உலோக அரிப்பு, காரைக்குடியில் 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளுள் ஒன்று.

கவனிக்க வேண்டியவை

உருமாறிய பொய்ப்பல் ஈறில் சரியாகப் பொருந்தாது. அழுத்தும் இடங்களில் புண் உண்டாகும். உருமாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் இருக்கலாம். பொய்ப்பற்களைக் கொதிநீரில் இடக்கூடாது என 2011 இல் வெளியான அமெரிக்கப் பராமரிப்பு வழிகாட்டி கூறுகிறது. எனவே அடுப்பின் ஆற்றலையும் பொய்ப்பல்லின் பொருளையும் பல் மருத்துவரிடம் தெரிவித்து, அவர் கூறும் அளவின்படியே இம்முறையைக் கையாள வேண்டும். நாள்தோறும் தூரிகையால் துலக்குவதற்கு இது மாற்று அன்று.

இவற்றையும் பார்க்க

* நுண்ணலை அடுப்பு
* பலபடி
* அரிப்பு