தறிக்குழியும் வேகவதியும்

போன வாரம் வகுப்பில் ஒருத்தன், "நம்மூர்ல ஏதுடா பேஸ்மெண்ட்? அதெல்லாம் சென்னை மால்லயும் இங்கிலீஷ் படத்துலயும்தான்" என்றான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. காஞ்சிபுரத்தில் குழித்தறி இருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி பேஸ்மெண்ட் உண்டு. அதுதான் தறிக்குழி.

தெரியாதவர்களுக்கு: நெசவாளர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கப்போட்டு மிதியை மிதிப்பார். குழி எதற்கு என்று கேட்டால், தரையின் ஈரம் நூலுக்கு நல்லது என்பார்கள். காற்று காய்ந்து போனால் பாவு இழை அறுந்து அறுந்து போகும். ஆக, குழிக்கு ஈரம் வேண்டும், தண்ணீர் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் எங்கள் ஊர் நெசவின் கதை.

எங்கள் ஊர் என்றால் திருப்பருத்திக்குன்றம். பெயரிலேயே பருத்தி, நெய்வதோ பட்டு :-) ஊர் ரொம்பப் பழசு. பள்ளன்கோவில் செப்பேட்டிலேயே பருத்திக்குன்றின் வச்சிரநந்திக்குப் பல்லவ அரசர் கொடுத்த பள்ளிச்சந்தம் பற்றி வருகிறது. இங்குள்ள சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். அதன் கூரை ஓவியங்களைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பக்கத்தில் ஓடுவது வேகவதி, பாலாற்றில் போய்ச் சேரும் ஆறு. வருஷத்தில் பாதி நாள் அதை ஆறு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தான் யார் என்று காட்டிவிடும்.

2015-ல் காட்டியது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. நவம்பர் மழையில் தெருத் தண்ணீர் வாசற்படியைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் தாத்தாவின் தறிக்குழி நிறைந்துவிட்டது! தண்ணீர் கீழேயிருந்து ஊற்றெடுத்து வந்தது. நிலத்தடி நீர் ஏறி, மண்ணின் துளைகள் எல்லாம் நிரம்பிவிட்டால், குழியின் சுவரை வெளிப்பக்கமிருந்து தள்ள ஆரம்பிக்கும். ஆழம் கூடக்கூட அந்த அழுத்தமும் கூடும்.

சித்தப்பா வாடகைக்கு மோட்டார் கொண்டு வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறைத்தார். "மெதுவாடா" என்று தாத்தா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று ராத்திரியே குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. உள்ளே நின்ற தண்ணீர்தான் அதுவரை சுவருக்கு முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் வெளியே ஊறிய மண்ணை யார் தாங்குவது? வெள்ளம் புகுந்த பேஸ்மெண்டைச் சிறிது சிறிதாக இறையுங்கள், வெளியே தண்ணீர் வடிந்த பிறகு இறையுங்கள் என்று அமெரிக்காவில்கூட இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். தாத்தா எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

இந்தத் தொல்லை உலகத்துக்கே பழசு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக்காரர் பத்துப் பகுதியாக ஒரு நூல் எழுதினார். அதன் ஏழாம் பகுதியில் ஓதம் ஏறும் சுவருக்கு வழி சொல்கிறார். தரையிலிருந்து சுமார் 3 அடி உயரத்துக்கு மணலுக்குப் பதிலாக உடைத்த ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்பைப் பூச வேண்டும். அப்படியும் ஓதம் நிற்காவிட்டால் கொஞ்சம் இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, நடுவில் தண்ணீர் ஓடக் கால்வாயும், காற்று போகத் துளையும் வைக்க வேண்டும். அதாவது தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்கு ஒரு வழி விட்டுவிடுவது.

நம்மவர்களும் சுண்ணாம்பில் செங்கல் தூள் சேர்த்தார்கள், கூடவே கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். வெறும் சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும். சுட்ட மண்தூள் சேர்ந்தால் ஈரத்திலேயே இறுகும், குழிக்கு அதுதானே வேண்டும்? கைலாசநாதர் கோயிலைப் போய்ப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். பாரம் தாங்கத்தான் கருங்கல் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மணற்கல் தண்ணீரை உறிஞ்சும், கருங்கல் அவ்வளவாக உறிஞ்சாது. அது தெரியாமலா வைத்திருப்பார்கள் என்பது என் கட்சி.

1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதற்குப் பிறகு, உலகம் மெல்ல மெல்லச் சுண்ணாம்பை மறந்தது. எங்கள் தெருவிலும் குழிகளுக்குச் சிமெண்ட் பூச்சு வந்தது. உள்பக்கம் மட்டும் பூசினால் பின்னால் தேங்கும் தண்ணீர் போக்கிடமில்லாமல் உப்பைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் வெள்ளையாகப் பூக்கும், அப்புறம் பொருக்குப் பொருக்காக உதிரும்.

மழை நாளில் குழி நிறைந்தால் தறி நிற்கும், தெருவில் பாவு போடவும் முடியாது. தறி நின்றால் கூலி இல்லை. மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் இருக்கிற மாதிரி எங்களுக்கும் மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று நெசவாளர்கள் கேட்பது இதனால்தான். தாத்தாவின் தறியில் அப்போது பாதி நெய்த முகூர்த்தப் புடவை இருந்தது. சுவர் சரிந்தபோது பாவு அறுந்து சேற்றில் விழுந்தது. கார்த்திகை முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அடுத்த வருஷம் சித்தப்பா குழியை மூடிவிட்டு, தரைக்கு மேலே நிற்கும் சட்டத்தறி போட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோதும் எங்கள் தறி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனால் சித்திரை வந்தால் இழை அறுகிறது. சித்தப்பா ஈரச் சாக்கைத் தறிக்கு அடியில் விரித்து வைக்கிறார். தாத்தா திண்ணையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "குழிய மூடிட்டு இப்ப ஈரத்தத் தேடறான் பாரு" என்கிறார்.