நூற்று இருபத்து நான்கு நொடிகள்

1938 ஜூன் 22 இரவு. நியூயார்க் யாங்கி மைதானத்தில் எழுபதாயிரம் பேர். இரண்டாண்டுகளுக்கு முன் அதே களத்தில், பன்னிரண்டாம் சுற்றில் ஜோ லூயியை வீழ்த்தியிருந்தார் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங். இடக்கையால் குத்தியதும் லூயி அக்கையைத் தாழ்த்திவிடுவதை அவர் கண்டுகொண்டிருந்தார். 1937இல் உலகப் பட்டம் வென்றபின்னும், ஷ்மெலிங்கை வெல்லாதவரை தாம் சாம்பியனல்லர் என்றே லூயி எண்ணினார்.

நாஜிகள் ஷ்மெலிங்கை இன மேன்மையின் சான்றாக முன்னிறுத்தினர். அவரோ கட்சியில் சேராதவர். அவருடைய மேலாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மறுபுறம், கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்திருந்த அமெரிக்கா ஒரு கறுப்பரைத் தன் மானத்தின் காவலராக்கிக்கொண்டது. நம்மை இப்போட்டிக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது வெற்றியன்று, இந்த முரண்தான்.

124 நொடிகளில் ஆட்டம் முடிந்தது. மும்முறை வீழ்ந்தார் ஷ்மெலிங், முதுகெலும்பில் முறிவு. ஹார்லெம் தெருக்களில் கொண்டாட்டம்.

அவ்வாண்டு நவம்பரில் யூதர்கள்மீது வன்முறை வெடித்தபோது, ஷ்மெலிங் இரு யூதச் சிறுவர்களைத் தம் பெர்லின் விடுதியறையில் ஒளித்துக் காத்தார். நெடுங்காலம் அதைப் பற்றி வாய்திறக்கவில்லை. போருக்குப்பின் அவரும் லூயியும் நண்பர்களாயினர். 1981இல் லூயி மறைந்தபோது, ஈமச் செலவில் ஒரு பங்கை ஷ்மெலிங் ஏற்றார்.